பொட்டு வைத்த பெட்டி

அத்தியாயம் 6

முதல் அடி வீரபத்திரனின் தலைக்கு வந்தது. அவன் குனிந்துகொண்டதால் அது பின்னால் இருந்த தண்ணீர் கேனுக்குப் போய்ச் சேர்ந்தது. இருபது லிட்டரும் ஒரே மூச்சில் தரையில் இறங்கி, நேற்றுக் காய்ந்த ரத்தத்தை மறுபடி சிவப்பாக்கியது.

இரண்டாவது அடி இடது தோளில் விழுந்தது. பைப் ரெஞ்சு. இரண்டரை அடி நீளம். தோளுக்குக் கீழே கை இருக்கிறதா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

மூன்றாவது அடிக்கு ஓங்கியவன் கோட்டைச்சாமி. இருளப்பசாமி போர்வெல்ஸின் ரிக் வண்டி டிரைவர். ஆள் ஒரு கதவு அகலம். ஓங்கிய கை இறங்கவில்லை. அதற்குள் மேசை மேல் இருந்த போனை வயரோடு பிடுங்கி அவன் காதோரம் ஓர் அறை வைத்தாள் வீரபத்திரனின் உதவியாள் பாண்டீஸ்வரி. அவன் திரும்பினான். ரிசீவரால் மூக்கில் இன்னொன்று வைத்தாள்.

"ராங் நம்பருண்ணே. வச்சிருங்க," என்றாள்.

ரெஞ்சு கீழே விழுந்தது. வீரபத்திரன் அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கைச் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். முகேஷ் எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டான். விரல் முருங்கைக் குச்சி மாதிரி ஒடிந்தது. அடுத்த விரலைத் தொட்டதும் பதில் வந்தது. பரளச்சிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள், ரெண்டாம் நம்பர் ரிக் வண்டி நிற்கிற இடத்தில் முகேஷைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டியது தங்கபாண்டி. ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளியின் உடம்பு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறது. அதைத் தூக்குவதற்குள் முகேஷையும் முடித்துவிடுவதாகத் தங்கபாண்டி சத்தியம் செய்திருக்கிறான்.

மணி ஒன்பது நாற்பது.

பாண்டீஸ்வரி கோட்டைச்சாமியின் கைகளைப் போன் வயராலேயே கட்டினாள். பிறகு தன் மொபைலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்துப் பேசினாள். ஜீப் காரியாபட்டி போயிருக்கிறது, உடனே திருப்பி விடுகிறோம், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"ஒரு மணி நேரத்துல பொணம் ரெண்டாயிரும்ணே," என்றாள் அவள்.

நேற்று ஆயுத பூசை. பூசை முடிந்து எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் ஆறரை மணி வாக்கில், முதலாளி இருளப்பசாமியை இந்த ஆபீசிலேயே அடித்துக் கொன்றிருந்தார்கள். மண்டையில் ஐந்து அடி. மேசைக்கடியில் இருந்த போன் பெட்டியையும் நொறுக்கியிருந்தார்கள். முதலில் பார்த்துச் சத்தம் போட்டவன் அவருடைய மச்சினன் தங்கபாண்டி. செய்தது யார் என்பதையும் அவனே சொல்லிவிட்டான். ஆபீசுக்குப் புது போன் பெட்டி விற்க வந்த முகேஷ். வியாபாரம் படியவில்லை, அந்த ஆத்திரம் என்றான்.

போலீஸ் போவதற்கு முன்பே தங்கபாண்டியின் ஆட்கள் முகேஷ் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குறுக்கே விழுந்த அவன் பெண்டாட்டி தங்கமாரியின் தோட்டைக் காதோடு சேர்த்து இழுத்துப் போட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அருப்புக்கோட்டையில், ஜெராக்ஸ் கடை மாடியில், வீரபத்திரன் துப்பறியும் அலுவலகம் என்று ஒரு போர்டு தொங்குகிறது. காலை ஏழு மணிக்குத் தங்கமாரி அங்கே ஏறி வந்தபோது காதில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

"உசுரோட கொண்டாந்துருங்க. கையி காலு இல்லாட்டியும் பரவாயில்ல," என்று மட்டும் சொன்னாள்.

வீரபத்திரன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது பாத்ரூம் கதவு திறந்தது. சத்தத்துக்குப் பயந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்த ஜக்கம்மாள் வெளியே வந்தாள். பதினொரு வருஷமாக இந்த ஆபீசில் போன் எடுக்கிறவள். பகலெல்லாம் அவள் எடுப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தங்கபாண்டி எடுப்பான். வீரபத்திரன் கேட்கக் கேட்க அவள் ஒப்பித்தாள்.

ஆறு மாதமாக போன் எப்போதும் போல அடிக்கிறது, ஆனால் போர் போடக் கூப்பிடுகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். திருச்சுழிப் பக்கம் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கும்போது அது எப்படி என்று முதலாளிக்குப் பிடிபடவில்லை. போனில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். பழைய போனை எடுத்துவிட்டு நெட்டில் ஓடுகிற போன் வைப்பது என்று முடிவானது. அதில் இரண்டு வகை. இரண்டையும் பதினைந்து பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்தார்கள்.

முதல் பதினைந்து நாள் மதுரைக் கம்பெனியுடையது. அதற்கென்று ஆபீசில் பெரிய பெட்டி எதுவும் கிடையாது. நெட் வயரைப் பிரித்து விடுகிற ஒரு சின்னப் பெட்டி மட்டும். மற்ற எந்திரமெல்லாம் எங்கேயோ அவர்கள் இடத்தில் இருக்கிறது. மாத வாடகை. இங்கே கரண்டு போனாலும் கால் மொபைலுக்கு வந்துவிடும். பேசியதையெல்லாம் முதலாளி வீட்டில் படுத்துக்கொண்டே கேட்கலாம். அடுத்த பதினைந்து நாள் முகேஷின் பெட்டி. ஒரு தடவை வாங்கிப் போட்டால் நமக்கே சொந்தம். மேசைக்கடியில் கிடக்கும். பேச்சை அதிலேயே பதிந்து வைக்கவும் வசதி உண்டு. நெட்டு அறுந்தாலும் ஆபீசுக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பேசலாம். கரண்டு போனால் மட்டும் படுத்துவிடும். மதுரைக்காரனுடையதைத்தான் வைக்கப் போகிறோம், முகேஷைப் போகச் சொல்லிவிட்டோம் என்று போலீசிடம் சொன்னவன் தங்கபாண்டி.

ஜக்கம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீரபத்திரன் அவளைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பீரோவில் சந்தனம் குங்குமம். மேசையின் நாலு காலிலும் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டர், கால்குலேட்டர், மேசை ஃபேன், பூட்டு, எல்லாவற்றிலும்.

"பாத்ரூம் வாளிக்கும் வச்சிருக்காகண்ணே," என்றாள் பாண்டீஸ்வரி. "இன்னும் ரெண்டு நிமிசம் நின்னோம்னா நமக்கும் வச்சிருவாக."

அவன் மேசைக்கடியில் உட்கார்ந்தான். கேன் தண்ணீர் அந்த மூலைக்கு எட்டவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள் காய்ந்து கிடந்தன. பெரிய சில்லு ஒன்றை எடுத்துத் துடைக்காமல் திருப்பிப் பார்த்தான். மேல் மூடி முழுசாக இருந்தது. பக்கவாட்டு இரண்டும் இருந்தன. ரத்தம் தெறித்திருந்தது. சந்தனம் இல்லை.

"இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் பொட்டு வைக்கல?" என்று கேட்டான்.

ஜக்கம்மாள் அப்போதுதான் அந்த மூலையைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அந்தப் பக்கம் அவள் கண்ணைத் திருப்பவே இல்லை. பார்த்துவிட்டு, இது முகேஷ் பெட்டி இல்லையே என்றாள். மதுரைக்காரர்கள் எடுத்துப் போகாமல் விட்டுவைத்த நெட்டுப் பெட்டி இது. அடுத்தவன் சாமானுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? முகேஷ் பெட்டி ஷெட்டில் இருக்கிறது. பூசையில் இருக்கிறது.

"போலீசுல சொன்னீகளா?"

"யாருய்யா கேட்டா? மொதலாளிகிட்ட சண்டை போட்டது யாரு, அதான் கேட்டாக."

ஷெட்டுக்குப் போனார்கள். ஒன்றாம் நம்பர் ரிக் வண்டி மாலையோடு நின்றது. அதன் முன்னால் வாழையிலையில் பாறை உடைக்கிற சுத்தியல் முனைகள், ஸ்பேனர்கள், பில் புக்குகள், பொரி, கடலை. ரெஞ்சுகளின் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைத்தான் கோட்டைச்சாமி எடுத்து வந்திருக்கிறான். நடுவில், செவ்வந்திப்பூவுக்கும் பொரிக்கும் கீழே, செங்கல் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். விரல் ரேகை கூடப் பதிந்திருந்தது.

ஜக்கம்மாளின் குரல் அங்கேதான் உடைந்தது. முகேஷே வயரையெல்லாம் கழற்றி, இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தானாம். முதலாளி முதல் பொட்டை வண்டிக்கு வைக்கவில்லை. இதற்குத்தான் வைத்தார். முகேஷுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்.

"'இனி இது நம்ம வீட்டுச் சாமான்'னாக. 'நம்ம வீட்டுப் பேச்சு நம்ம வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்'னாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுப்பார்கள். இன்று மறுபூசை போட ஆளில்லை. அதனால் பெட்டியை யாரும் தொடவில்லை.

வீரபத்திரன் கடைசியாக ஒன்று கேட்டான். நேற்று இந்த ஷெட்டுக்குள் வராதவர் யார்? ஜக்கம்மாள் யோசிக்கவே இல்லை. ரெண்டு வண்டி ஆட்களும் வந்தார்கள், டிரைவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் வந்தார்கள். முதலாளியம்மாவின் தம்பி தங்கபாண்டி மட்டும்தான் வரவில்லை. அவனுடைய பெரியப்பா செத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. தீட்டு. கட்டிக் கொடுத்த அக்காவுக்கு அது மூன்று நாளில் போய்விட்டது. ஆண்பிள்ளை பதினாறு முடியாமல் பூசையில் நிற்க முடியாது. கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டான்.

வீரபத்திரன் ஒரு சாக்கு கேட்டான். ஜக்கம்மாள் தயங்கினாள். பாண்டீஸ்வரி கிடந்த சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"சாமி, அர்ஜெண்டு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். அவனுக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அந்தக் கையால் சாக்கை மடியில் அணைத்திருந்தான். உளுந்து விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிற கரிசல் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். பரளச்சி தாண்டும்போதே கம்பரசர் இரைச்சல் கேட்டது.

பாண்டீஸ்வரி வேகத்தைக் குறைத்தாள். "வண்டி உறுமுது, புழுதி எழும்பலயேண்ணே. போர் போட்டா ஒரு கிலோமீட்டருக்கு வெள்ளைப் புழுதி பறக்குமே."

அந்த இரைச்சல் எதை அமுக்குகிறது என்பது இருவருக்கும் புரிந்தது. அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

முகேஷைத் தண்ணீர் டேங்கரின் பின்பக்கம் நிற்க வைத்துக் கட்டியிருந்தார்கள். முகம் இருந்த இடத்தில் வீக்கம் இருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. இடது கையை ஒரு ரிக் ராடின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்திருந்தார்கள். விரல்கள் எந்தப் பக்கம் மடங்குவது என்று தெரியாமல் தொங்கின. பக்கத்தில் தங்கபாண்டி, பனியனோடு, கையில் அதே சம்மட்டியோடு. வண்டி ஆட்கள் நாலு பேர் ஓரமாக நின்றார்கள். இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீரபத்திரன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கபாண்டி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக வந்து அடித்தான். வயிற்றில் இரண்டு. தாடையில் ஒன்று. ஒரு பல் போனது. அது நாக்கில் தட்டியபோது, நல்லவேளை முன்பல் இல்லை என்று வீரபத்திரன் நினைத்தான். மறுபடி தாடையில் ஒன்று. அடிபட்ட தோளைப் பார்த்து ஒன்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

திடீரென்று இரைச்சல் நின்றது. பாண்டீஸ்வரி கம்பரசரின் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"காது அடைக்குது. பேசுறது கேக்க வேணாமா," என்றாள்.

இரைச்சல் போன பிறகு முகேஷின் முனகல் எல்லாருக்கும் கேட்டது. அதுவரைக்கும் அதைக் கேட்காமல் நின்றவர்கள் அவர்கள். பிடித்திருந்த கைகள் கொஞ்சம் தளர்ந்தன. வீரபத்திரன் பல்லைத் துப்பிவிட்டு, தங்கபாண்டியைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக் கேட்டான். நேற்றுப் பூசைக்கு நீங்கள் நாலு பேரும் வந்தீர்களா? வந்தோம் என்றார்கள். முகேஷின் பெட்டியைப் பார்த்தீர்களா? பார்த்தோம். எங்கே?

அவர்களில் வயதானவன் வெள்ளைத்துரை. அவன்தான் சொன்னான். "சாமிகிட்ட. மொதலாளி மொதப் பொட்டு அதுக்குத்தான் வச்சாரு."

பாண்டீஸ்வரி சாக்கை அவிழ்த்துப் பெட்டியை மண்ணில் வைத்தாள். பொட்டு கலையவில்லை. மூலையில் இரண்டு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேசைக்கடியில நொறுங்கிக் கெடந்தது மதுரைக்காரன் விட்டுட்டுப் போன நெட்டுப் பெட்டி," என்றான் வீரபத்திரன். பேசும்போது ரத்தம் வழிந்தது. "போன் பெட்டி சாமிகிட்ட இருக்குன்னு ஒங்க எல்லாத்துக்கும் தெரியும். தூக்கிட்டு வந்து வச்சவனே முகேஷு. அவன் எதுக்கு மேசைக்கடியில போயி குனியப் போறான்? பூசைக்கு வராத ஆளுதான் அங்க தேடுவான்."

யாரும் பெயர் சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

தங்கபாண்டி ஓடியிருக்கலாம். வீரபத்திரனின் கழுத்தைப் பிடித்திருக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. சம்மட்டியை எடுத்தான். பெட்டியின் நெற்றியில், சரியாகப் பொட்டின் மேல், ஓங்கி ஒன்று போட்டான். சில்லு பறந்து பாண்டீஸ்வரியின் கன்னத்தைக் கீறியது. இன்னொன்று. இன்னொன்று. பச்சைத் தகடு தெரிந்தது. அதையும் மண்ணோடு மண்ணாக்கினான்.

"இப்பப் பேசச் சொல்லுடா," என்றான். மூச்சு வாங்கியது. "எங்க, பேசச் சொல்லு பாப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான், எத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. சம்மட்டி கையிலேயே இருந்தது. வெள்ளைத்துரை அதன் காம்பைப் பிடித்து மெதுவாக வாங்கினான். வாங்கிவிட்டு அந்தக் காம்பாலேயே அவன் முழங்காலில் அடித்தான். எலும்பு உடைகிற சத்தம் அந்த வெட்டவெளியில் தெளிவாகக் கேட்டது. மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து தப்பான ஆளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் சேர்த்து அடித்தார்கள். வீரபத்திரன் போதும் என்றான். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னான்.

பாண்டீஸ்வரி முகேஷின் கட்டை அறுத்தாள். அவன் சரிந்து உட்கார்ந்தான். ஒற்றைக் கண்ணால் நொறுங்கிய பெட்டியைப் பார்த்தான்.

"அதுல ஒண்ணுமே இல்லண்ணே," என்றான்.

தங்கபாண்டி மண்ணிலிருந்து தலையைத் தூக்கினான். "பொய்யி. எல்லாத்தையும் கேட்டுட்டேன், வா பேசுவோம்னு மச்சான் போனுல கூப்பிட்டாரு. அதுல கேட்டுத்தான்."

முகேஷ் உதட்டை அசைக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முதலாளி கேட்டது இந்தப் பெட்டியில் இல்லை. மதுரைக்காரர்களின் பதினைந்து நாளில் பதிந்ததை, போன வாரம்தான் தன் மொபைலில் கேட்டார். போர் போடக் கூப்பிடுகிறவர்களிடம், வண்டி எதுவும் இல்லை என்று சொல்லி வேறு நம்பர் கொடுக்கிற தங்கபாண்டியின் குரலை. அது காரியாபட்டியில் இன்னொருத்தன் பேரில் தங்கபாண்டி வைத்திருக்கிற ரிக் வண்டிக்கான போன் நம்பர். கேட்ட பிறகு இரண்டு நாள் அவர் ஆபீசுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் முகேஷைக் கூப்பிட்டார். உன் பெட்டியையே வைத்துக்கொள்கிறேன் என்றார். பேச்சைப் பதிவதற்கு ஒரு கார்டு போட வேண்டும் என்றான் முகேஷ்.

"'கார்டு வேணாம்'னாரு. 'யாரு பேச்சையும் பதிய வேணாம். மதுரையில கெடக்குறதையும் அழிக்கச் சொல்லிட்டேன். எம்பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தம்பிய நெனச்சே செத்துருவா. பூசை முடியட்டும், நான் கூப்பிட்டுச் சொல்றேன். திருந்திக்கிருவான்'னாரு."

தங்கபாண்டி கையை நீட்டி, மண்ணில் கிடந்த சில்லுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அங்கே இல்லாத ஒன்றைத் தேடுகிற மாதிரி இருந்தது. சந்தனம் அவன் விரலில் ஒட்டியது. தூரத்தில் ஜீப் வருகிற புழுதி தெரிந்தது.

பாண்டீஸ்வரி கன்னத்து ரத்தத்தைத் தாவணி நுனியால் துடைத்துவிட்டு, தன் மொபைலில் தங்கமாரிக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு முகேஷின் வாயருகே பிடித்தாள். ஒரே ரிங்கில் தங்கமாரி எடுத்தாள்.

"நாந்தான்," என்றான் முகேஷ்.

அந்தப் பக்கம் காதில் சுற்றிய துணி உரசுகிற ஓசை.

"இருங்க. இந்தக் காது கேக்கல. அந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்."